உழைக்கும் தசையும் உடலின் காவலும்

பல மாதங்களாக மண்வெட்டி பிடிக்காதிருந்த ஒருவர் ஒருநாள் முழுவதும் வரம்பு கட்டிவிட்டு வந்தால், மறுநாட் காலையில் என்ன நடக்கும் என்பதை விவசாயக் குடும்பங்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை. தோள்மூட்டு எழும்பாது, தொடை இறுகிவிடும், பாயிலிருந்து எழுவதற்கே இன்னொருவர் கைகொடுக்க வேண்டும். மூன்றாம் நாளளவில் வலி இறங்கத் தொடங்கும். அடுத்த கிழமை அதே வேலையைச் செய்தால் அத்தனை வலி இருப்பதில்லை. “உடம்பு வேலைக்குப் பழகிவிட்டது” என்று சொல்லிக்கொள்வோம்.

இந்தப் பழக்கத்துக்குள் நடப்பது என்ன? பாரத்தைத் தூக்கியும் தள்ளியும் இழுத்தும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியை வலிமைப் பயிற்சி என்பர். இப்பயிற்சிக்கும் எமது நோய் எதிர்ப்புச் சக்திக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பதைக் கடந்த சில பத்தாண்டுகளில் நடைபெற்ற ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இது வெறும் விஞ்ஞானச் செய்தியன்று. வயலும் தோட்டமும் கைவிட்டுப் போகும்போது வருமானம் மட்டும் நிற்பதில்லை. உடலுக்கு நாள்தோறும் கிடைத்துவந்த வேலையும் நின்றுவிடுகின்றது. வரிசையில் நிற்பதும் காத்திருப்பதுமே பொழுதாகிவிடும்போது தசை மெல்ல மெல்லக் கரைகின்றது. தசையோடு சேர்ந்து வேறு எதனை நாம் இழக்கின்றோம்? அதனை எவ்வாறு மீட்கலாம்? இவற்றையே இக்கட்டுரையில் பார்க்கப்போகின்றோம்.

காவலர்கள் யார்?

நோய்க் கிருமிகளிலிருந்து எம்மைக் காப்பவை பெரும்பாலும் எமது குருதியிலுள்ள வெண்கலங்களே. இவற்றுள் சில, காயம்பட்ட இடத்துக்கு முதலில் ஓடிவந்து கிருமிகளை விழுங்குகின்றன. வேறு சில, சிதைந்தவற்றைத் தின்று துப்புரவு செய்கின்றன. நிணநீர்க் கலங்கள் என்னும் இன்னொரு வகையினவோ, ஒருமுறை கண்ட கிருமியை நினைவில் வைத்துக்கொள்கின்றன. அக்கிருமிக்கு எதிராகப் பிறபொருளெதிரி என்னும் புரதத்தை உண்டாக்குபவையும் இவ்வகைக் கலங்களே. தடுப்பூசி வேலை செய்வது இந்த நினைவினாலேதான்.

இக்காவலர்கள் எல்லோரும் எந்நேரமும் குருதியில் ஓடித்திரிவதில்லை. பெரும்பகுதியினர் மண்ணீரலிலும் நிணநீர்க் கணுக்களிலும் குருதிக் குழாய்களின் சுவரிலும் தங்கியிருப்பர். உடல் கடுமையாக உழைக்கும்போதுதான் அவர்கள் வெளியே வருகின்றனர். மரதன் ஓட்டக்காரரின் குருதியில் வெண்கலங்கள் பெருகியிருந்ததை அமெரிக்க வைத்தியரான லாரபீ 1902ஆம் ஆண்டிலேயே வெளியிட்டிருந்தார். பாரம் தூக்கும்போதும் இது நடக்கின்றது. நீண்ட ஓட்டத்தில் காணப்படும் அளவுக்கு அது பெரிதாக இருப்பதில்லை. சில நிமிடங்களுக்குள் அதிரினலின் என்னும் ஓமோன் சுரந்து, சுவரோடு ஒட்டியிருந்த கலங்களைக் குருதியோட்டத்தில் இறக்கிவிடுகின்றது. வேலை முடிந்து ஓரிரு மணித்தியாலங்களில் நிணநீர்க் கலங்களின் தொகை வழமையிலும் கீழே இறங்கிவிடும். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும்.

இந்த இறக்கத்தைக் கண்ட ஆய்வாளர்கள், கடும் வேலைக்குப் பின் உடல் காவலற்றுக் கிடக்கின்றது என்று முன்னர் எண்ணினர். இன்று பலர் வேறுவிதமாக விளங்கிக்கொள்கின்றனர். அக்கலங்கள் அழிந்துபோகவில்லை, குருதியை விட்டு நுரையீரல், குடல், என்பு மச்சை ஆகிய இடங்களுக்குச் செல்கின்றன என்பதை எலிகளில் செய்யப்பட்ட ஆய்வுகள் காட்டின. வாசலில் நின்ற காவற்காரர் வளவைச் சுற்றிப் பார்க்கப் போவதைப் போன்றது இது. வாசலில் ஆளில்லை என்பதனால் வீட்டுக்குக் காவலில்லை என்று சொல்ல முடியாது.

வலி எங்கிருந்து வருகின்றது?

பழகாத வேலையைச் செய்யும்போது தசைநார்களில் மிக நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. பாரத்தை உயர்த்தும்போது ஏற்படுவதைவிட, அதனை மெதுவாக இறக்கும்போது இச்சிதைவு கூடுதலாக உண்டாகின்றது. மேட்டில் ஏறுவதைவிடப் பாரத்துடன் பள்ளத்தில் இறங்கிய மறுநாள் தொடை அதிகமாக நோவதற்கு இதுவே காரணம்.

சிதைவு ஏற்பட்ட சில மணித்தியாலங்களில் வெண்கலங்கள் அங்கு வந்து சேருகின்றன. முதலில் வருபவை சிதைந்தவற்றை அகற்றுகின்றன. அடுத்த சில நாட்களில் தின்கலங்கள் தமது தன்மையை மாற்றிக்கொண்டு துப்புரவு வேலையிலிருந்து திருத்த வேலைக்குத் திரும்புகின்றன. தசைநாரின் ஓரத்தில் உறங்கிக்கிடக்கும் துணைக்கலங்களை எழுப்பிப் புதிய தசையை உண்டாக்க அவை உதவுகின்றன. இத்துணைக்கலங்களை 1961ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் மௌரோ என்னும் அமெரிக்க விஞ்ஞானி தவளையின் தசையிற் கண்டுபிடித்தார். ஆகவே எமது தசையைத் திருத்திக் கட்டுவதில் நோயை எதிர்க்கும் கலங்களுக்கும் பெரும் பங்கு உண்டு. ஒன்று முதல் மூன்று நாட்கள் வரை நீடிக்கும் அந்த நோவு, உள்ளே திருத்த வேலை நடைபெறும் காலத்தோடு சேர்ந்தே வருகின்றது.

இதனால் இரண்டு விடயங்களை நாம் கவனிக்க வேண்டும். ஒன்று, திருத்த வேலைக்கு நேரம் கொடுக்க வேண்டும். நோவு கடுமையாக இருக்கும் தசைக்கு மறுநாளும் அதே பாரத்தைக் கொடுப்பது, சுவர் காயுமுன் கூரை ஏற்றுவதற்கு ஒப்பாகும். மற்றது, நோவைப் பொறுக்காமல் வலி மாத்திரைகளை நாள்தோறும் விழுங்கிவிட்டு வேலைக்குப் போகும் பழக்கம். வெயிலில் வியர்த்து, தண்ணீர் குறைவாகக் குடித்து வேலை செய்வோருக்குச் சில வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். வைத்தியரைக் கேளாமல் அவற்றைத் தொடர்ந்து எடுக்கக் கூடாது.

தசை அனுப்பும் செய்தி

எலும்பை அசைப்பதே தசையின் வேலை என்று நீண்டகாலமாக நம்பப்பட்டது. டென்மார்க்கின் கொப்பன்ஹேகன் நகரில் பென்டே பெடர்சன் என்னும் வைத்தியப் பேராசிரியையும் அவரது குழுவினரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று இந்த எண்ணத்தை மாற்ற உதவியது. ஒரு காலை மட்டும் பல மணித்தியாலங்கள் வேலை செய்ய வைத்து, இரு கால்களிலிருந்தும் வரும் குருதியை ஒப்பிட்டுப் பார்த்தனர். வேலை செய்த காலின் தசையிலிருந்து இன்ரலூக்கின்-6 என்னும் புரதம் குருதிக்குள் வெளிவந்தது. உடலின் நோயெதிர்ப்புக் கலங்கள் தமக்குள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் புரதங்களுள் இதுவும் ஒன்று.

இப்புரதத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. கிருமித் தொற்றின்போது அது அழற்சியுடன் சேர்ந்து காணப்படும். உழைக்கும் தசையிலிருந்து சிறிது நேரத்துக்கு வெளிவரும்போதோ, அழற்சியைத் தணிக்கும் வேறு பொருட்களைத் தூண்டிவிடுகின்றது. வெட்டுக்காயம் சிவந்து வீங்குவது நல்ல அழற்சி. அது வேலை முடிந்ததும் அடங்கிவிடும். அடங்காமல் வருடக்கணக்காக உடலுக்குள் புகைந்துகொண்டிருக்கும் மெல்லிய அழற்சியோ நீரிழிவு, இருதய நோய் ஆகியவற்றோடு தொடர்புடையது. ஒழுங்காக வலிமைப் பயிற்சி செய்யும் முதியோரின் குருதியில் இந்த அழற்சியின் அடையாளங்கள் ஓரளவு குறைவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. குறைவு பெரிதன்று, ஆயினும் செலவில்லாமற் கிடைப்பது.

ஆபத்துக் காலத்துச் சேமிப்பு

தசையின் இன்னொரு பணியை விவசாயிகள் இலகுவாக விளங்கிக்கொள்வர். அது ஒரு களஞ்சியம்.

கடும் காய்ச்சலோ பெருங்காயமோ ஏற்படும்போது உடலுக்குத் திடீரெனப் பெருந்தொகையான புரதம் தேவைப்படுகின்றது. புதிய வெண்கலங்களை உண்டாக்க வேண்டும். பிறபொருளெதிரிகளை உண்டாக்க வேண்டும். ஈரலும் தொற்றை எதிர்க்கும் புரதங்களைச் சுரக்க வேண்டும். நோயாளியோ அந்நேரம் சாப்பிடமாட்டார். அப்போது உடல் தனது தசையை உடைத்து அமினோ அமிலங்களை எடுக்கின்றது. இவற்றுள் குளுற்றமின் என்பது முக்கியமானது. நிணநீர்க் கலங்கள் இதனை மிகுந்த அளவில் பயன்படுத்துகின்றன என்பதை ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் நியூஸ்ஹோமும் அவரது குழுவினரும் 1980களில் எடுத்துக்காட்டினர். அந்தக் குளுற்றமினின் பெரும் பகுதி எமது தசைகளிலேயே உண்டாகின்றது.

வீட்டில் பத்து மூடை நெல் இருக்கும்போது வரும் வரட்சியும், ஒரு மூடையும் இல்லாதபோது வரும் வரட்சியும் ஒன்றல்ல. தசை கரைந்த உடலுக்கு வரும் காய்ச்சலும் அப்படிப்பட்டதே.

முதியவர்களை இருத்திவைக்கலாமா?

இக்களஞ்சியம் வயதோடு குறைகின்றது. முப்பது வயதுக்குப் பின் ஒவ்வொரு பத்தாண்டிலும் தசையின் 3 முதல் 8 வீதம் வரை குறைவதாகக் கணிக்கப்படுகின்றது. நோயெதிர்ப்புக் கலங்களைப் பயிற்றும் தைமஸ் சுரப்பியும் வயதோடு சுருங்குகின்றது. படுக்கை இதனை விரைவுபடுத்துகின்றது. 2007ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், சராசரியாக 67 வயதுடைய நலமான 12 பேர் பத்து நாட்கள் படுக்கையில் இருந்தனர். அந்தப் பத்து நாட்களுக்குள் அவர்களது கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசைப்பகுதி குறைந்துபோயிற்று.

எமது குடும்பங்களில் நாம் என்ன செய்கின்றோம்? “ஆச்சி, நீங்கள் பேசாமல் இருங்கோ, நாங்கள் செய்கிறம்” என்கின்றோம். அன்பினாற் சொல்லும் வார்த்தைதான். ஆனால் சொந்த வீட்டில் முற்றம் கூட்டி, தண்ணீர் அள்ளி, உரலில் இடித்து வாழ்ந்த ஒருவரை ஓர் ஒடுக்கமான கொட்டிலில் நாள் முழுவதும் இருத்திவைப்பது, அவரது களஞ்சியத்தை நாமே வெறுமையாக்குவதாகும்.

வயது போனால் தசை வளராது என்ற எண்ணமும் தவறானது. 1990ஆம் ஆண்டில் பொஸ்ரன் நகரின் முதியோர் இல்லமொன்றில் மரியா பியட்டரோன் என்னும் வைத்தியர் பத்துப் பேரைத் தெரிவுசெய்தார். அவர்களது வயது 86க்கும் 96க்கும் இடைப்பட்டது. எல்லோரும் தளர்ந்தவர்கள். எட்டுக் கிழமைகள் காலால் பாரம் உயர்த்தும் பயிற்சி கொடுக்கப்பட்டது. பயிற்சியை முடித்தவர்களின் தசை வலிமை சராசரியாக 174 வீதத்தால் கூடியது. நடு்த்தொடைத் தசையின் பருமனும் ஏறக்குறைய 9 வீதத்தால் கூடியது. 1994ஆம் ஆண்டில் அதே குழுவினர் 100 முதியோரிடம் இதனைப் பரிசோதித்தபோது இன்னொன்றும் தெரியவந்தது. பயிற்சியின்றிச் சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களின் வலிமை கூடவில்லை. உணவு வேண்டும், அதனைத் தசையாக்க வேலையும் வேண்டும்.

தடுப்பூசி தொடர்பாகவும் சில முயற்சிகள் நடந்திருக்கின்றன. இங்கிலாந்தின் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தினர் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், சளிக்காய்ச்சல் தடுப்பூசி ஏற்றுவதற்குச் சில மணித்தியாலங்களுக்கு முன் அதே கைக்குப் பாரம் கொடுத்துப் பயிற்சி அளித்தனர். அவ்வாறு செய்த பெண்களில் பிறபொருளெதிரி கூடுதலாக உண்டாயிற்று. ஆண்களில் வேறொரு வகை எதிர்ப்புக் கூடியது. பின்னர் நடந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் இப்பயன் காணப்படவில்லை. எனவே தடுப்பூசி ஏற்றும் நாளில் பாரம் தூக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் தடுப்பூசியைத் தவறவிடக் கூடாது. எந்தப் பயிற்சியும் அதற்கு ஈடாகாது.

அளவும் உணவும் உறக்கமும்

உழைப்பு நல்லது என்றால் மேலும் மேலும் உழைப்பது மேலும் நல்லதா? 1987ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடந்த மரதன் ஓட்டத்துக்குப் பின், டேவிட் நீமன் என்பவர் ஏறக்குறைய 2,300 ஓட்டக்காரர்களை விசாரித்தார். ஓடியவர்களில் 12.9 வீதத்தினர் அடுத்த கிழமையில் தடிமன், தொண்டைநோ போன்றவற்றால் வருந்தினர். பயிற்சி பெற்றும் அன்று ஓடாதவர்களில் 2.2 வீதத்தினரே அவ்வாறு வருந்தினர். சனக்கூட்டமும் பயணமும் உறக்கக் குறைவும் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று சிலர் வாதிடுகின்றனர். அப்படியாயினும் எமக்குரிய பாடம் மாறாது. நெருக்கமான இருப்பிடம், குறைந்த உறக்கம், அரைவயிற்று உணவு ஆகியவற்றோடு கடும் கூலிவேலையும் சேர்ந்தால் உடல் தாங்காது.

உறக்கத்தைப் பற்றி ஒரு செய்தி. பிற்ஸ்பேர்க் நகரில் செல்டன் கோகன் என்பவரின் குழுவினர் 153 பேரின் மூக்கில் தடிமன் வைரசைத் துளியாக விட்டுப் பார்த்தனர். இரவில் 7 மணித்தியாலங்களுக்குக் குறைவாக உறங்கியவர்களுக்கு, 8 மணித்தியாலங்களும் அதற்கு மேலும் உறங்கியவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகத் தடிமன் பிடித்தது. இது 2009ஆம் ஆண்டில் வெளியான முடிவு.

உணவைப் பற்றிய செய்தி இன்னும் முக்கியமானது. இந்தியாவின் ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடந்து 2023ஆம் ஆண்டில் வெளியான பெரிய ஆய்வொன்றில், காசநோயாளிகளின் வீட்டாருக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் உள்ளிட்ட உணவுப்பொதி வழங்கப்பட்டது. அவ்வீடுகளில் புதிதாகக் காசநோய் பிடிப்பது ஏறக்குறைய 40 வீதத்தால் குறைந்தது. ஆகவே பட்டினியோடிருப்பவரைப் பார்த்து “பயிற்சி செய், நோய் வராது” என்று சொல்வது பொய் மட்டுமன்று, அநியாயமுமாகும். பொஸ்ரன் முதியோர் வேளாவேளைக்கு உணவு கிடைத்தவர்கள் என்பதை மறக்கலாகாது. குடும்பத்தின் உணவு குறைவாக இருந்தால் முதலில் அதற்கு வழிதேட வேண்டும்.

வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு, உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய 0.8 கிராம் புரதம் வேண்டும். முதியோருக்கு 1 கிராமும் அதற்குச் சற்று மேலும் நல்லது என்பர். 50 கிலோ நிறையுள்ள முதியவருக்கு இது 50 கிராம் ஆகும். 100 கிராம் பயறில் ஏறக்குறைய 24 கிராமும், ஒரு முட்டையில் 6 கிராமும் புரதம் உண்டு. சோற்றோடு பயறு, கௌபி, பருப்பு ஆகியவற்றுள் ஒன்றைச் சேர்த்து உண்டால் ஒன்றில் இல்லாத அமினோ அமிலத்தை மற்றது நிரப்பும். நெத்தலிக் கருவாடும் நல்ல புரதமே. வீட்டில் மீனோ முட்டையோ ஒன்றே இருக்கும்போது அதனை ஆண்களுக்கு வைத்துவிட்டுத் தாயும் பாட்டியும் குழம்போடு நிறுத்திக்கொள்வதை நாம் அறிவோம். அந்த வழக்கத்தை மாற்ற வேண்டும்.

எவ்வாறு தொடங்குவது?

வளர்ந்தவர்கள் கிழமையில் இரண்டு நாட்களாவது பெரிய தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. இதற்கு எந்த இயந்திரமும் தேவையில்லை.

கதிரையில் இருந்து எழும்பி மீண்டும் மெதுவாக இருப்பது, தொடைக்கு நல்ல பயிற்சி. சுவரில் இரு கைகளையும் ஊன்றித் தள்ளுவது, தோளுக்கும் மார்புக்கும் உரியது. அரை வாளி தண்ணீரையோ சிறு பையில் கட்டிய மணலையோ தூக்கி இறக்குவது, கைக்கும் முதுகுக்கும் உரியது. ஒவ்வொன்றையும் எட்டு முதல் பன்னிரண்டு முறை செய்து, இளைப்பாறி, மீண்டும் ஒரு சுற்றுச் செய்யலாம். கடைசி இரண்டு முறை கடினமாக இருந்தால் பாரம் போதுமானது. இலகுவாகிவிட்டால் அடுத்த கிழமை சிறிது கூட்டலாம். தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது. வாய்விட்டு எண்ணினால் மூச்சு அடங்காது. ஒரு நாள் செய்தால் அடுத்த நாள் அத்தசைகளுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும்.

நீண்டகாலத்துக்குப் பின் காணிக்குத் திரும்புவோரும் இந்த முறையையே பின்பற்றலாம். முதற் கிழமையில் முன்பு செய்த வேலையின் பாதியைக்கூடச் செய்ய வேண்டியதில்லை. காலை இழந்தோர் கதிரையில் இருந்தபடியே கைகளுக்கும் தோளுக்கும் பயிற்சி செய்யலாம். ஊன்றுகோலைத் தாங்குவதும் அந்தத் தசைகளே. காய்ச்சல் உள்ள நாட்களில் எவரும் பாரம் தூக்கக் கூடாது. நெஞ்சுவலி, குடலிறக்கம், கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளோரும் கர்ப்பிணிகளும் வைத்தியரையோ மருத்துவமாதுவையோ கேட்ட பின்பே தொடங்க வேண்டும். நாட்பட்ட இருமல், இரவு வியர்வை, காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவை இருந்தால் பயிற்சியை நம்பி இராமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

இடம்பெயரும்போது நாம் கொண்டுவர முடிந்தவை மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று, உழைத்து உரமேறிய எமது உடல். அதனைப் பேணுவதற்குக் காணி திரும்பக் கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இன்று மாலை உங்கள் வீட்டிலுள்ள மூத்தவரைக் கையூன்றாமல் கதிரையிலிருந்து எழும்பச் சொல்லிப் பாருங்கள். அருகில் ஒருவர் நின்றுகொள்ளுங்கள். முடியாவிட்டால் ஒரு கை கொடுங்கள். நாளை மறுநாள் மீண்டும் எழும்பச் சொல்லுங்கள். சில கிழமைகளில் அந்தக் கை தேவைப்படாமலும் போகலாம்.